64 பிட் எக்செலில் பழைய மேக்ரோ ஓடவில்லையா?

32 பிட் ஆபிஸிலிருந்து 64 பிட்டுக்கு மாறியதும் பழைய மேக்ரோ நின்றுவிட்டால், முழு நிரலையும் மாற்றி எழுத வேண்டாம். விண்டோஸின் செயற்கூறுகளை அழைக்க எழுதிய 'டிக்ளேர்' (Declare) வரிகளை மட்டும் தேடி, அச்சொல்லை அடுத்து 'பிடிஆர்சேஃப்' (PtrSafe) என்று சேர்த்து, நினைவக முகவரியையோ சாளரக் கைப்பிடியையோ (சாளரத்தை அடையாளம் காட்டும் எண்) தாங்கும் 'லாங்' (Long) மாறிகளை 'லாங்பிடிஆர்' (LongPtr) என மாற்றுங்கள்.

'லாங்' எப்போதும் 4 பைட்டுதான். 64 பிட்டில் முகவரிக்கு 8 பைட் வேண்டும், 'லாங்பிடிஆர்' 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் தானே பொருந்திக்கொள்ளும். 'பிடிஆர்சேஃப்' என்பது வரியைச் சரிபார்த்துவிட்டோம் என்று நாம் தரும் உறுதிமொழி மட்டுமே என்பதால், அதை மட்டும் சேர்த்துவிட்டு 'லாங்'கை அப்படியே விட்டால் பிழைச்செய்தி மறையும், ஆனால் முகவரி பாதியில் வெட்டுப்பட்டு எக்செலே திடீரென மூடிக்கொள்ளக்கூடும். அதற்காக எல்லா 'லாங்'கையும் மாற்றிவிடாதீர்கள்: சாளரத்தைத் தேடும் 'ஃபைண்ட்விண்டோ' (FindWindow) திருப்பித் தருவது கைப்பிடி, அதையும் அதை வாங்கும் மாறியையும் மாற்ற வேண்டும், நிரலைச் சற்று நிறுத்திவைக்கும் 'ஸ்லீப்' (Sleep) கேட்பது வெறும் மில்லிநொடி எண்ணிக்கை, அது 'லாங்'காகவே இருக்கட்டும்.

ஆபிஸ் 2007-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் இச்சொற்கள் தெரியாது. 32 பிட்டுக்கென்றே உருவான ஆக்டிவ்எக்ஸ் கட்டுப்பாடுகளை (கோப்பில் பதிக்கும் பொத்தான், பட்டியல் போன்ற துணைக்கூறுகள்) நம்பியிருக்கும் கோப்புக்கும் இது உதவாது. அங்கே 32 பிட் ஆபிஸையே நிறுவிக்கொள்வது நல்லது, 64 பிட் விண்டோஸில் அது தடையின்றி ஓடும்.