கேமிங் மானிட்டர் வாங்கப் போறீங்களா, மொதல்ல உங்க கிராபிக்ஸ் கார்டைப் பாருங்க

போன மாசம் சித்தி பையன் போன் பண்ணி "அண்ணா, 4கே 240 ஹெர்ட்ஸ் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், எடுத்துடவா"ன்னு கேட்டான். என்ன கார்டுடா வச்சிருக்கன்னா ஆர்டிஎக்ஸ் 3060ன்னு சொன்னான். வேணவே வேணாம்னுட்டேன். 4கேன்னா சாதாரண ஃபுல் எச்டி, அதாவது 1080பியை விட நாலு மடங்கு பிக்சல் (ஸ்கிரீன்ல இருக்கற குட்டிப் புள்ளி), ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது ஸ்கிரீன்ல வர்ற ஒவ்வொரு படத்துக்கும், கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்சலை அந்தக் கார்டு வரைஞ்சு தள்ளணும், புதுசா வர்ற பெரிய கேம்ல செகண்டுக்கு 60 ஃப்ரேம் தொடுறதுக்கே அதுக்கு மூச்சு வாங்கும், 240 ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 240 தடவை படம் மாறுற ஸ்கிரீன், அதுக்கு எங்க போறது. அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க ஆடுற கேம்ல எவ்வளவு ஃப்ரேம் வருதுன்னு ஒரு நாள் பாருங்க, ஸ்டீம்லயே எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்னு) காட்டுற ஆப்ஷன் இருக்கு.

சைஸ் விஷயம் சிம்பிள். 24 இன்ச்னா 1080பி, 27 இன்ச்னா அதை விட பிக்சல் அதிகமான 1440பி. விலை கம்மியா இருக்கேன்னு 27 இன்ச்ல 1080பி எடுக்காதீங்க, இன்ச்சுக்கு 82 பிக்சல் தான் வரும், கிட்ட உக்காந்தா எழுத்தெல்லாம் பிசிறு பிசிறா தெரியும். அதே 27ல 1440பின்னா 109.

ஹெர்ட்ஸ்ல ஒரு கணக்கு சொல்றேன். 60ல ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட் நிக்கும், 144ல 6.9, 240ல 4.2. அதாவது 60லேர்ந்து 144க்குப் போனா பத்து மில்லிசெகண்ட் கிட்ட மிச்சம், அங்கேர்ந்து 240க்குப் போனா மூணு கூட இல்ல. வாலரண்ட், சிஎஸ்2ன்னு சுடுற கேம்ல ரேங்க் ஏத்துறதுக்காகவே தினம் உக்காருறவங்களுக்கு அந்த மூணும் முக்கியம்தான், மத்தவங்க 144லேர்ந்து 180க்குள்ள எடுத்துட்டு மிச்சக் காச நல்ல பேனலுக்குப் போடுங்க.

பேனல்னா மானிட்டர்ல படம் தெரியற திரை, ஐபிஎஸ், விஏ, டிஎன், ஓஎல்இடின்னு வகை வகையா வரும், அதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, நானும் மாட்டியிருக்கேன். கடையில விஏ பேனல் போட்ட வளைஞ்ச மானிட்டர் ஒண்ணு, கறுப்பு அவ்வளவு அழகா இருந்துச்சு. ஐபிஎஸ்ல கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், ஆயிரத்துக்கு ஒண்ணு சுமாருக்கு இருக்கும், விஏல மூவாயிரம் வரும், அதனால அழகு பொய்யில்ல. வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ராத்திரி ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போட்டு காட்டுக்குள்ள குதிரை ஓட்டுனா, ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாடியும் கரியைத் தொட்டு இழுத்த மாதிரி ஒரு கறை கூடவே வருது. விலை கம்மியான விஏ மானிட்டர் நிறையத்துல இருட்டுலேர்ந்து கொஞ்சம் வெளிச்சத்துக்கு மாற பிக்சல் ரொம்ப நேரம் எடுக்கும், அதான் காரணம். பாக்ஸ்ல 1 எம்எஸ் (மில்லிசெகண்ட்)னுதான் போட்டிருந்துச்சு, கீழ சின்ன எழுத்துல எம்பிஆர்டின்னு இருந்தத நான் பாக்கல, அது திரைக்குப் பின்னாடி இருக்கற பேக்லைட்டை அணைச்சு அணைச்சு எரியவிட்டு வாங்குற நம்பர், பிக்சல் மாறுற வேகம் இல்ல.

இப்ப நான் வச்சிருக்கறது ஐபிஎஸ். கலர் நல்லா இருக்கு, வேகம் போதும், ஆனா லைட்டை அணைச்சுட்டு உக்காந்தா மூலையில லேசா வெளிச்சம் கசியும். பகல்லயோ லைட் போட்டுட்டோ ஆடுறவங்களுக்கு அது கண்ணுலயே படாது. டிஎன் இப்ப தேவையில்ல, சைடுல சாஞ்சு பாத்தா கலரே மாறிடும்.

ஓஎல்இடி தனி ரகம்ங்க. ஒவ்வொரு பிக்சலும் தானே எரியுது, கறுப்புன்னா முழுசா அணைஞ்சுடும், கறை இழுக்கறதே கிடையாது. இருட்டு ரூம்ல கதை கேம் ஆடுறவங்க கையில காசு இருந்தா யோசிக்காம எடுங்க. ஆனா அதே ஸ்கிரீன்ல பகல் பூரா எக்செல், கோடிங்னு வேலை பாக்குறீங்கன்னா டாஸ்க்பார் மாதிரி அசையாம நிக்கற விஷயம் நாளாவட்டத்துல பதிஞ்சுடலாம், அதுக்குப் பேர்தான் பர்ன்-இன், வாரண்டி பேப்பர்ல அது சேருமான்னு வரி வரியா படிச்சுட்டு பணம் கட்டுங்க. எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் தூக்கலா காட்டற வசதி) 400 ஸ்டிக்கருக்காக ஒரு ரூபா கூட அதிகம் குடுக்காதீங்க, அதுக்கு இருட்டு இடத்துல மட்டும் லைட்டைக் குறைக்கற வசதி கூட கட்டாயமில்ல.

பிஎஸ்5 வச்சிருக்கீங்கன்னா அது 120 ஹெர்ட்ஸ்தான் அதிகபட்சம். கேம்ல வர்ற ஃப்ரேமுக்கு ஏத்த மாதிரி ஸ்கிரீனும் வேகத்தை மாத்திக்கறதுதான் விஆர்ஆர், ஃப்ரீசிங்க்கும் அதே மாதிரி ஒண்ணு. ஃப்ரீசிங்க்னு மட்டும் போட்டிருந்தா பத்தாது, பிஎஸ்5ல விஆர்ஆர் வேலை செய்ய எச்டிஎம்ஐ 2.1 விஆர்ஆர் இருக்கணும்.

கடையில ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, போன்லயோ பென்டிரைவ்லயோ முழுக் கறுப்பு, முழு வெள்ளை, முழு சிவப்புன்னு மூணு படம் கொண்டு போங்க. கறுப்புல மூலையப் பாருங்க, மத்த ரெண்டுல செத்த பிக்சல் புள்ளியா தெரியும்.

சித்தி பையன் கடைசில 27 இன்ச் 1440பி 180 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் எடுத்தான். அன்னிக்கு ராத்திரியே போன், "அண்ணா எதுவுமே மாறலயே". மவுஸ் அம்பை வேகமா வட்டம் சுத்துடான்னேன், அம்புக்கும் அம்புக்கும் நடுவுல பெரிய இடைவெளி விட்டு விட்டு தெரியுதுன்னான், அப்ப 60லதான் ஓடுது. கேபிளை மதர்போர்டுல சொருகியிருந்தான், அத உருவி கார்டுல இருக்கற டிஸ்ப்ளே போர்ட்ல போட வச்சு, விண்டோஸ் செட்டிங்ஸ்ல சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேன்னு உள்ள போய் 180 செலக்ட் பண்ணச் சொன்னேன். மறுபடி சுத்துனான், அம்பெல்லாம் நெருக்கமா ஒட்டிக்கிட்டு ஒரே கோடா ஓடுதுண்ணான்னு கத்துனான்.