ஐரோப்பியக் கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கோட்டையில் பெருங்கோபுரத்துக்குள் நுழைந்து அண்ணாந்து பாருங்கள். சுவரின் நடு உயரத்தில் ஒரு கணப்பு இருக்கும். குளிர்காலத்தில் விறகு போட்டு எரிக்கும் மாடம் அது. அதன் வளைவில் கல்தச்சர் பொறுமையாகச் செதுக்கிய நெளிவரிகள்கூடத் தெரியும். அதற்கு மேலே இன்னொரு கணப்பு. கால் வைக்க இடமில்லாத அந்தரத்தில் யார் குளிர் காய்ந்திருப்பார்கள்?

அங்கே மரத்தளம் இருந்தது. சுவரில் வரிசையாகத் தெரியும் குழிகள் அந்தத் தளத்தைத் தாங்கிய உத்தரங்களின் தலை புதைந்திருந்த இடங்கள். கூரை, கதவு, தட்டி, தளம் என்று மரத்தால் ஆனதெல்லாம் போய்விட்டது. மிஞ்சியது கல் மட்டும். எஞ்சிய கல்லையே முழுக் கோட்டை என்று எண்ணிவிடுவதுதான் முதல் தவறு. நான் பார்த்தவரையில் மற்றத் தவறுகளில் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. குழிகளில்கூட இரண்டு வகை உண்டு. உத்தரக் குழிகள் ஒரே மட்டத்தில், பெரிதாக இருக்கும். சுவரெங்கும் சீரான இடைவெளியில் காணப்படும் சிறிய சதுரத் துளைகள் கட்டும்போது சாரம் கட்டுவதற்காக விட்டவை. அவற்றை அம்பு எய்யும் துளைகள் என்று பலர் படம் எடுத்துப் போகிறார்கள். அம்புத்துளை நெட்டையாக, ஒடுக்கமாக இருக்கும். உட்புறம் அகன்று, ஆள் நின்று குறிபார்க்க இடம் விடும்.

கோட்டை என்றாலே இருண்ட சாம்பல் நிறக் கல் என்று நினைப்பது அடுத்த தவறு. 'லண்டன் கோபுரம்' என்ற கோட்டையின் நடுவிலுள்ள பெருங்கோபுரத்துக்கு 'வெண் கோபுரம்' என்ற பெயர் வந்ததே வெள்ளையடித்ததால்தான். 1240இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி அதற்கு வெள்ளை பூசச் சொன்னார்; மழைநீர் வடிந்து புதுப்பூச்சு பாழாகாமலிருக்க ஈயக் குழாய்களையும் கீழே வரை இறக்கச் சொன்னார். வேல்ஸிலுள்ள கான்வி கோட்டையும் வெள்ளைப் பூச்சோடுதான் நின்றது. அதன் திட்டுகள் இன்றும் சில இடங்களில் ஒட்டியிருக்கின்றன. ஆங்கில அரசர் கைப்பற்றிய நாட்டில், கடலோரப் பாறைமேல், எட்டுக் கோபுரங்களோடு வெள்ளை வெளேரென்று ஒரு கோட்டை எழுந்தால் சுற்றுப்புற மக்களுக்கு அது என்ன சொல்லியிருக்கும்? அந்த மிரட்டலும் கட்டடக்கலையின் பகுதிதான்.

இடிபாட்டைக் கண்டதும் "பெரிய போர் நடந்திருக்கும்" என்று முடிவு கட்டாதீர்கள். கான்வியைக் கூரையில்லாமல் ஆக்கியது முற்றுகை அல்ல. 1665இல் அதன் உரிமையாளரே ஈயத்தையும் இரும்பையும் கழற்றி விற்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் கார்ஃப் கோட்டைக் கோபுரங்கள் சாய்ந்து நிற்பதற்குக் காரணம், மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1646இல் அதைப் பிடித்த நாடாளுமன்றப் படை, இனி எவருக்கும் பயன்படக்கூடாது என்று வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. கட்டிய காலம் வேறு, உடைந்த காலம் வேறு. இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போர்க்கதைகளில் மட்டும் மயங்குவதும் தவறு. சுழற்படிகள் வலஞ்சுழியாக ஏறுவது மேலிருந்து வாள் வீசுபவருக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான், என்ற விளக்கம் கிட்டத்தட்ட எல்லா வழிகாட்டிகளிடமும் உண்டு. அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய ஊகம். இடஞ்சுழியாக ஏறும் படிகளும் ஏராளம். முற்றுகையிட்டவர்கள்மேல் கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்கள் என்ற கதையும் அப்படித்தான். எண்ணெய் விலை உயர்ந்த பொருள், கல்லும் வெந்நீரும் எப்போதும் கைவசம் இருந்தவை. கான்விக்கு 1284இல் ஒதுக்கிய காவற்படையே 30 பேர்தான், அதில் 15 பேர் குறுக்குவில் வீரர்கள். அவர்களோடு பாதிரியார், தச்சர், கொல்லர், கல்தச்சர் இருந்தார்கள். பெரும்பாலான நாட்களில் அங்கே சமையலும் வழிபாடும் பழுதுபார்ப்பும் கணக்கு வழக்குமே நடந்தன. ஆகவே சமையற்கூடம் எங்கே, கிணறு எங்கே, கழிப்பறையின் சரிவு எந்தச் சுவர் வழியாக இறங்குகிறது என்று தேடுங்கள்.

பெயரிலும் ஒரு சிக்கல். தமிழில் செஞ்சியும் கோட்டை, கான்வியும் கோட்டை. இடைக்கால ஐரோப்பாவின் கோட்டை பெரும்பாலும் ஒரு பிரபுவின் அல்லது அரசரின் அரண் சூழ்ந்த வீடு. ஊர் மதில் தனி. ஜெர்மன்காரர்கள் அரண்வீட்டை 'புர்க்' என்றும் அரண்மனையை 'ஷ்லோஸ்' என்றும் பிரிக்கிறார்கள். பலர் முதலில் ஓடிப்போய்ப் பார்க்கும் நாய்ஷ்வான்ஸ்டைன் ஒரு ஷ்லோஸ். பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1869இல் கட்டத் தொடங்கியது. அதன் தோற்றத்தைத் தீட்டியவர் நாடக மேடைக் காட்சிகள் வரைந்த கிறிஸ்டியான் யாங்க். அழகுதான், பார்க்கவேண்டியதும்தான், ஆனால் அங்கே இடைக்காலத்தைத் தேடக்கூடாது. பிரான்ஸில் மதில் சூழ்ந்த ஊரான கார்கசோனிலும் கவனம் தேவை: மதில்கள் பழையவை, கோபுரங்களின் கூர்மையான கூரைகள் 1853இல் தொடங்கிய சீரமைப்பில் கட்டடக் கலைஞர் வியோலே லெ டுக் வைத்தவை.

கடைசியாக, நுழைவுச்சீட்டு வாங்கியதும் உச்சிக்கு ஏற அவசரப்படாதீர்கள். வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே போங்கள். ரோச்செஸ்டரில் அப்படிச் சுற்றினால் மூன்று மூலைகள் சதுரமாகவும் தென்கிழக்கு மூலை மட்டும் உருண்டையாகவும் இருப்பது கண்ணில் படும். 1215இல் தன்னை எதிர்த்தவர்கள் பிடித்துவைத்திருந்த இந்தக் கோட்டையை ஜான் மன்னர் முற்றுகையிட்டார். அவருடைய ஆட்கள் அந்த மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி மரத்தூண்களால் முட்டுக்கொடுத்தார்கள். நவம்பர் 25 அன்று மன்னர் கடிதம் அனுப்பினார்: தின்ன லாயக்கில்லாத கொழுத்த பன்றிகள் 40 வேண்டும். அந்தக் கொழுப்பில் முட்டுகள் எரிந்தன, மூலை சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் அப்போதும் பணியவில்லை; கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவருக்கு மறுபுறம் போய் நின்றார்கள். அவர்களைப் பணியவைத்தது பசி. ஜானின் மகன் மூன்றாம் ஹென்றியின் காலத்தில் அந்த மூலையை உருண்டையாக எடுத்துக் கட்டினார்கள். நடுச்சுவர் இன்னும் உள்ளே நிற்கிறது.