பாரிஸில் இல்லாததைப் பார்ப்பது எப்படி?

ஈபிள் கோபுரத்துக்கும் மோனலிசாவுக்கும் வழி சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, அதை விட்டுவிடுவோம். பிரெஞ்சு வரலாறு கொஞ்சமாவது பிடிபட வேண்டும் என்றால், இடித்தவை, தலை வெட்டியவை, பெயர் மாற்றியவை எங்கே என்று தேடிப் போங்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் இந்த ஊர் கல்லோடும் சண்டை போட்டிருக்கிறது. இரண்டு நாள் போதும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், நான் சொல்லப்போகும் இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் அன்று விடுமுறை.

முதலில் பாஸ்டில், 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்த சிறைக்கோட்டை நின்ற இடம். மெட்ரோ 5ஆம் லைனில் வந்து இறங்குங்கள், நடைமேடை ஓரத்திலேயே பழைய கோட்டை அகழிச் சுவரின் ஒரு துண்டு இருக்கிறது, பாதிப் பேர் அதைக் கவனிக்காமலே படியேறிவிடுவார்கள். மேலே சதுக்கத்தின் நடுவில் நிற்கும் தூணை 1789 நினைவுச்சின்னம் என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். அது 1830 ஜூலைப் புரட்சியில் இறந்தவர்களுக்கு எழுப்பியது. கோட்டை நின்ற எல்லையைத் தரையில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள், குனிந்து தேடுங்கள். 1789 ஜூலை 14 அன்று வெடிமருந்து தேடி வந்த கூட்டம் உள்ளே நுழைந்தபோது அங்கே இருந்த கைதிகள் மொத்தம் ஏழு பேர்! இடிக்கும் வேலையை எடுத்த பாலுவா என்ற ஒப்பந்ததாரர் அந்தக் கல்லிலேயே குட்டிக் கோட்டைகள் செதுக்கி நாட்டின் மாவட்டங்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். புரட்சியிலும் விளம்பரம் தெரிந்த மனிதர். அதில் ஒன்றைப் பக்கத்து மரே பகுதியில் உள்ள கார்னவாலே அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது.

மரேயில் நடக்கும்போது பள்ளிக்கூட வாசல்களில் இருக்கும் கறுப்புப் பலகைகளைத் தவறவிடாதீர்கள். 1942 முதல் 1944 வரை அங்கே படித்த யூதக் குழந்தைகள் பிடித்துச் செல்லப்பட்டு முகாம்களில் கொல்லப்பட்டதைச் சொல்லும் பலகைகள் அவை. ஜெர்மன் நாஜிகளோடு ஒத்துழைத்த அன்றைய பிரெஞ்சு அரசான விஷி அரசும் அதற்குத் துணைபோனது என்பதையும் அதே பலகையில் எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சு அரசின் பொறுப்பை ஒரு ஜனாதிபதி, ஷிராக், வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1995இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சாப்பாட்டுக்கு மதியம் இரண்டுக்குள் உட்கார்ந்துவிடுங்கள், அதற்குப் பிறகு பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். எந்தக் கடையில் நுழைந்தாலும் முதல் வார்த்தை போன்ஜூர். அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்பவர்கள்தான் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் சிடுமூஞ்சிகள் என்று எழுதுகிறார்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், சாப்பிட வந்தவருக்குக் குழாய்த் தண்ணீரைச் சும்மா கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

அப்புறம் 1ஆம் லைனைப் பிடித்து கொன்கோர்த். பதினைந்தாம் லூயியின் பெயரில் இருந்த சதுக்கம், புரட்சிச் சதுக்கமாகி, 1793 ஜனவரி 21 அன்று அடுத்த லூயியின் தலை அங்கே விழுந்தது. இப்போது நடுவில் நிற்பது எகிப்திலிருந்து வந்த, மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய கல்தூண். 1836இல் அதை நிறுத்திய மன்னர் லூயி பிலிப்பின் நிலைமையை யோசியுங்கள்: அவர் அப்பா பதினாறாம் லூயியைக் கொல்ல வாக்களித்தவர், அதே 1793இல் அதே சதுக்கத்தில் தானும் தலையை இழந்தவர். மன்னர் சிலை வைத்தாலும் வம்பு, புரட்சிச் சின்னம் வைத்தாலும் வம்பு. எகிப்துக்காரர்களோடு யாருக்கும் பகை இல்லை! திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் ஏறி நில்லுங்கள், அதைக் கட்டப் பாஸ்டிலின் கற்களையும் பயன்படுத்தினார்கள்.

இரண்டாம் நாள் காலை நோத்ருதாம் பேராலயம். முகப்பில் வரிசையாக நிற்கும் 28 மன்னர்களும் பைபிளில் வரும் யூதா நாட்டு அரசர்கள், ஆனால் 1793இல் பிரெஞ்சு மன்னர்கள் என்று எண்ணித் தலைகளை வெட்டிவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தவை. பழைய தலைகளில் 21, 1977இல் ஒரு கட்டட வேலையின்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. ஆற்றைத் தாண்டி கொஞ்சம் நடந்தால் க்ளூனி அருங்காட்சியகம், மூக்கு போன முகங்களோடு அங்கே இருக்கின்றன. பேராலயத்துக்குள் நிற்பதை விட இங்கே அதிக நேரம் நிற்பேன்.

மதியத்துக்குச் சான்-தெனி, பிரெஞ்சு மன்னர்களைப் புதைத்த பசிலிக்கா என்ற பெரிய தேவாலயம் இருக்கும் புறநகர். அதற்கு முன் பாரிஸுக்குள்ளேயே இருக்கும் சான்-தெனி வாசலிலிருந்து போபூர் சான்-தெனி தெருவில் வடக்கே நடங்கள். பதினான்காம் லூயிக்காக 1672இல் கட்டிய வளைவு அந்த வாசல். முடிசூடிய மன்னர்கள் நகருக்குள் நுழைந்ததும், செத்த பின் சுமந்துபோகப்பட்டதும் இந்த வழியில்தான். அதே தெருவின் மேல்கோடிதான் நம்மவர்களின் லா ஷாப்பேல், ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும், கொத்துரொட்டியும் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு 2ஆம் லைனில் ப்ளாஸ் தெ க்ளிஷி, அங்கே மாறி 13ஆம் லைனில் பசிலிக்கா.

மேலே படுத்திருக்கும் பளிங்கு மன்னர்களுக்குக் கீழே பிணம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 1793இல் தோண்டியெடுத்துப் பக்கத்தில் குழி வெட்டி மொத்தமாகப் போட்டுவிட்டார்கள். 1817இல் பதினெட்டாம் லூயி எலும்புகளை மீட்டபோது எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை, பல நூற்றாண்டு அரசர், அரசியர் எல்லோரையும் ஒரே அறையில் வைத்து வாசலில் பெயர்ப்பட்டியலைப் பொறித்துவிட்டார். அது நிலவறையில் இருக்கிறது, கல்லறைகளுக்குத் தனி டிக்கெட். ஞாயிறு காலையில் பூசை இருக்கும், மதியத்துக்கு மேல் போங்கள்.