புறாத்தீவுக்குப் போகிறவர்களுக்கு: நிலாவெளியில் ஒரு காலை

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் போனால் நிலாவெளி. அங்கிருந்து ஒரு கிலோமீற்றர் கடலுக்குள் தள்ளி நிற்கிறது புறாத்தீவு. புறாமலை என்றும் சொல்வார்கள். தென்னந்தோப்பும் நீண்ட வெண்மணலும் இருக்கும் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். பெரிய தீவே ஏறத்தாழ 200 மீற்றர் நீளம், 100 மீற்றர் அகலம், 45 மீற்றர் உயரம்தான். பாறையும் பற்றையும் மாடப்புறாக்களும் தவிர மேலே பெரிதாக ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியதெல்லாம் தண்ணீருக்குள்ளே, இடுப்பளவிலிருந்து ஓர் ஆள் ஆழம் வரை. ஆகவே நீந்தத் தெரியுமா என்பதைவிட, கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கும் மூச்செடுக்கும் குழாயும் (ஸ்நோர்கல்) போட்டுக்கொண்டு கால் ஊன்றாமல் கவிழ்ந்து மிதக்கத் தெரியுமா என்பதுதான் இங்கே கேள்வி. அது தெரிந்தவர் அரை மணித்தியாலத்தில் பார்ப்பதை, தெரியாதவர் முழு நாள் நின்றாலும் பார்க்க மாட்டார். போதாததற்கு முருகைக் கல்லையும் (பவளப்பாறை) மிதித்து உடைப்பார்.

1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் இது. கடலும் சேர்த்து 471 ஹெக்டேயர் வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த முருகைத் துண்டையோ சிப்பியையோ பையில் போட்டாலும் குற்றம்தான். பிள்ளைகளுக்கு இதைப் படகில் ஏறுமுன்பே சொல்லி வையுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

ஐப்பசி பிற்பகுதியிலிருந்து மாசி வரை வாடைக் காற்று. கடல் கொந்தளிக்கும், மழைத்தண்ணீர் கலங்கலாக இறங்கும், படகு போனாலும் தண்ணீருக்குள் கையை நீட்டினால் விரல் தெரியாது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் நம்பிப் போகலாம். அதற்குள்ளும் ஏப்ரல், ஓகஸ்ட் பாடசாலை விடுமுறைகளும் போயா (பௌர்ணமி விடுமுறை) வரும் நீண்ட வார இறுதிகளும் வேண்டாம். அந்த நாட்களில் அந்தச் சிறிய கரையில் துவாய் விரிக்கவும் இடம் கிடைக்காது. செவ்வாய், புதன் போன்ற வேலை நாள் காலை என்றால் தீவின் முகமே வேறு.

ஆனி, ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது ஒரு விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். காற்று தரைப் பக்கமிருந்து கடலை நோக்கி வீசுவதால் நிலாவெளிக் கரையோரம் குளம்போலத் தட்டையாகத் தெரியும். கரையை விட்டு விலக விலகத்தான் காற்று தண்ணீரைக் கிளப்பும். இதில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, திரும்பி வரும்போது படகு காற்றை எதிர்த்து வரும். உப்புத்தண்ணீர் முகத்தில் அறைந்து எல்லாரையும் நனைக்கும். மற்றது, காற்றடைத்த டியூப், மிதக்கும் பொம்மை, மெத்தை எல்லாம் இந்தக் காற்றில் நேரே வெளிக்கடலுக்குப் போகும். சின்னப் பிள்ளையை அதில் உட்கார வைத்துவிட்டுப் படம் எடுப்பதைப்போல ஆபத்தான வேலை இந்தக் கரையில் வேறில்லை. அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

காலை ஏழரை, எட்டு மணிக்குப் படகில் ஏறுவது நல்லது. காற்று எழும்பியிராது, கூட்டம் இராது, சுறாக்களும் ஆட்களின் சத்தத்தில் விலகிப் போயிரா. ஒன்பது மணிக்குமேல் வெயில் உயர உயரத் தண்ணீருக்குள் நிறம் கூடும். பதினொன்றுக்குக் கரை திரும்பிவிட்டால் வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் தப்பலாம்.

சீட்டும் படகும்

அனுமதிச்சீட்டு நிலாவெளிக் கடற்கரையிலுள்ள திணைக்களக் கருமபீடத்தில். தலைக்கு ஒரு கட்டணம், அதற்குமேல் சேவைக் கட்டணம், வரி என்று சேரும். அதனால் பலகையில் எழுதியிருக்கும் தலைக்கட்டணத்தை மட்டும் பெருக்கிப் பார்த்துக் காசு எடுத்துப் போனால் போதாமல் வரும். உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ சித்தப்பா குடும்பம் கூட வருகிறது என்றால், அவர்கள் எந்தக் கடவுச்சீட்டில் வந்திருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுக் கணக்குப் போடுங்கள். கருமபீடத்துக்கு முன்னால் நின்று குடும்பச் சண்டை பிடிக்க வேண்டாம்.

படகுக் கூலி ஆளுக்கல்ல, படகுக்கு. இரண்டு பேர் போனாலும் ஏழு பேர் போனாலும் ஏறக்குறைய அதே காசு என்பதால், கரையில் நிற்கும் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போவது இங்கே வழக்கம்தான். பேசும்போதே மூன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: போக வர இரண்டுக்கும் சேர்த்தா கூலி, தீவில் எவ்வளவு நேரம் நிற்கலாம், எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா. “அண்ணா, திரும்ப எத்தனை மணிக்கு எடுப்பீங்கள்?” என்று கேட்டு நேரத்தை முடிவு செய்துகொண்டு, படகின் பெயரையும் நிறத்தையும் பார்த்து வையுங்கள். பதினைந்து படகு ஒரே மாதிரி நிற்கும்போது இது தேவைப்படும்.

உப்புவெளியிலிருந்தும் படகு போகும். தூரம் கூட, கூலி கூட, குலுக்கலும் கூட. ஓட்டோவிலோ பஸ்ஸிலோ நிலாவெளி வரை வந்து அங்கே ஏறுவதே புத்தி. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தீவு.

படகின் முன்பக்கம்தான் அலையில் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர், வயதானவர்கள் பின்பக்கம், என்ஜினுக்குக் கிட்ட இருக்கட்டும். கர்ப்பிணிகள் இந்தப் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்கலாம். இறங்கும்போது படகோட்டி சொல்லும் வரை பொறுங்கள். அலை பின்வாங்கியதும் பக்கவாட்டில் இறங்கி உடனே விலக வேண்டும். படகுக்கும் கரைக்கும் நடுவே நின்றால் அடுத்த அலை படகைத் தூக்கி முழங்காலில் இடிக்கும்.

என்ன கொண்டு போவது

தீவில் கடையில்லை என்று வைத்துக்கொண்டு ஆயத்தமாகுங்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், திரும்பத் திரும்ப நிரப்பும் போத்தலில். பொலித்தீன் பை, லஞ்ச் சீட் வேண்டாம். சாப்பாடு என்றால் மூடியுள்ள பெட்டியில் பணிஸ், வாழைப்பழம் போதும். சோற்றுக்குக் கரைக்கு வந்துவிடலாம், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கவிழ்ந்து மிதப்பது சுகமாகவும் இராது. மதுவும் சிகரெட்டும் கூடாது.

கரை மணலைவிட முருகைத் துண்டுகளால் நிறைந்தது. வெறுங்காலோடு நாலடி நடப்பதே சிரமம். பின்வார் உள்ள செருப்பு அணியுங்கள், பாட்டா செருப்பை முதல் அலையே கொண்டுபோய்விடும்.

உடை விடயத்தில் நம்மவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சீலை, துப்பட்டா, நீண்ட பாவாடை நனைந்தால் காலில் சுற்றி ஆளைக் கீழே இழுக்கும். ஜீன்ஸும் அப்படித்தான். இறுக்கமான லெகின்ஸ், நீளக்கை ரீசேர்ட் இரண்டும் உடலையும் மூடும், வெயிலையும் தடுக்கும். கவிழ்ந்து மிதக்கும்போது எரிவது கழுத்தின் பின்புறமும் கெண்டைக்காலும்தான், தண்ணீரின் குளிர்ச்சியில் இரவு படுக்கும்வரை தெரியாது. துணியால் மூடிவிட்டால் வெயில் கிறீமும் குறைவாகப் போதும். ஒக்ஸிபென்சோன் உள்ள கிறீம்கள் முருகைக்கு நஞ்சு, போத்தலின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு சிறிய ஃப்ளாஸ்கில் சுடுதண்ணீர், ஒரு சிறு போத்தல் வினாகிரி, சவர்க்காரம், கிருமிநாசினி, பஞ்சு. ஏன் என்பதைக் கீழே பாருங்கள்.

மாஸ்க் ஒழுகாமல் இருக்க

கரையில் வாடகைக்குக் கிடைக்கும் மாஸ்க்கை வாங்கியதும் போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். பட்டியை முன்பக்கம் தூக்கிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. விழுந்தால் வேறொன்று கேளுங்கள். பட்டியை இறுக்கி இதைச் சரிசெய்ய முடியாது. இறுக்க இறுக்க ரப்பர் விளிம்பு வளைந்து இன்னும் ஒழுகும். ஒழுகுவதற்கு அடுத்த காரணம், விளிம்புக்குள் அகப்பட்ட ஒரு கற்றைத் தலைமயிர். மீசை வைத்தவர்களுக்குக் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்.

கண்ணாடி புகைபோல மங்கினால் உள்பக்கம் துப்பித் தேய்த்து, கடல் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். அருவருப்பாக இருந்தால் ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பு. முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கைத் தவிர்ப்பது நல்லது: மலிவானவற்றில் வெளிவிடும் மூச்சே திரும்பி உள்ளே வந்து தலை கிறுகிறுக்கும், அவசரத்தில் கழற்றவும் நேரமெடுக்கும்.

முந்தின நாள் பின்னேரம் நிலாவெளியில், மணல் தரையுள்ள இடுப்பளவுத் தண்ணீரில் இதைப் பழகுங்கள். முதலில் நின்றபடி முகத்தை மட்டும் நனைத்து, குழாய் வழியே வாயால் மூச்சு எடுங்கள்; மூக்கால் எடுக்கும் பழக்கம் போகப் பத்து நிமிடமாவது வேண்டும். பிறகு ஜாக்கெட்டோடு கவிழ்ந்து மிதக்கலாம். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் “தூ” என்று ஒரே ஊதாக ஊத வேண்டும், மெதுவாக ஊதினால் தண்ணீர் மேலேறாமல் உள்ளேயே நிற்கும். மாஸ்க்குக்குள் வந்தால் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதுங்கள். கீழ் விளிம்பால் வெளியேறும். கடைசியாக, பயம் வந்தால் என்ன செய்வது என்பது. எழுந்து நிற்கக் கூடாது. மல்லாக்கப் புரண்டு வானத்தைப் பார்த்தபடி மாஸ்க்கைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் கைவந்தால் தீவில் கல்லை மிதிக்கும் தேவையே வராது. நிலாவெளியின் வடக்கே இறக்கக்கண்டிக் களப்பு கடலில் விழும் முகத்துக்குக் கிட்டப் பழக வேண்டாம், அங்கே இழுவை பலம்.

தண்ணீருக்குள்

தரை நோக்கிய கரையோரம் ஆழம் குறைவு. முருகைக் கல்லும் மீன்களும் அங்கே கிட்டத்திலேயே தெரியும். அன்றைய காற்றுக்கு எந்தப் பக்கம் இறங்கலாம், சுறா எங்கே சுற்றுகிறது என்பதைப் படகோட்டியிடம் கேளுங்கள். திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றரும் இல்லைதான். ஆனால் முருகைக்கு மேல் இரண்டடித் தண்ணீர் நிற்கும் இடத்தில் அரையடி குறைந்தாலே வயிறு உராயும். அப்படியான இடத்தில் மேலே போக முயலாமல் விளிம்பைச் சுற்றிப் போங்கள், மீன்கள் கூடுவதும் விளிம்பில்தான். கை காலை அடிக்காமல் கிடந்தால், கிளிமீன் கல்லைக் கடிக்கும் “கறுக் கறுக்” சத்தம் காதில் விழும். அது கடித்து அரைத்துக் கழிக்கும் தூள்தான் கரை மணலில் ஒரு பங்கு.

கண்ணில் படும் கல்லெல்லாம் நிறமாக இராது. கடல் சூடு கூடிய வருடங்களில் முருகைக்குள் வாழும் நுண்பாசி வெளியேறி, அது வெளிறிச் சாகும். கிளைபோல வளரும் வகை வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் வரை வளரும். உருண்டைக் கல் வகைக்கு ஒரு சென்ரிமீற்றரே பெரிது. ஒரு மிதியில் உடைவது பல வருட வளர்ச்சி.

செட்டை நுனி கறுத்த சுறா ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் இருக்கும். அது ஆளைக் கண்டு ஒதுங்கும் சாதி. துரத்தாதீர்கள், தீனி போடாதீர்கள், அசையாமல் மிதந்தால் தானாகவே வட்டமிட்டு வரும். கடலாமை மூச்செடுக்க மேலே வரும்போது அதற்கு மேலே போய் மறிக்கக் கூடாது.

பயப்பட வேண்டியது சுறாவுக்கு அல்ல. கல்லைப்போலவே கிடக்கும் நச்சு மீனையோ கடல் முள்ளெலியையோ மிதித்தால், தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகைக்கு மேற்படாமல், சுடுதண்ணீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். ஃப்ளாஸ்க் தண்ணீரோடு குளிர்ந்த தண்ணீர் கலந்து, வலி இல்லாத கையால் முதலில் சூடு பாருங்கள். தண்ணீர் ஆறிவிடும் என்பதால் படகைக் கூப்பிட்டு உடனே கரைக்குப் போவதும் கூடவே நடக்கட்டும். சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றவோ மணலால் தேய்க்கவோ கூடாது, மிச்சமிருக்கும் நச்சுக் கொடுக்குகளும் வெடிக்கும். கடல் தண்ணீரால் கழுவி, வினாகிரி ஊற்றி, ஒட்டியிருப்பதைக் குச்சியால் எடுங்கள். முருகைக் கீறல் சின்னதாகத் தெரிந்தாலும் அழுகும். கரைக்கு வந்ததும் சவர்க்காரமும் நல்ல தண்ணீரும் போட்டுத் தேய்த்து உள்ளிருக்கும் துகளை வெளியே எடுங்கள். மூச்சுத் திணறல், மயக்கம், வீக்கம் பரவுதல் என்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் வரும்.

நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்திக் களைக்காமல் கரைக்குச் சமாந்தரமாக விலகுங்கள். தனியாக இறங்க வேண்டாம். இரண்டு பேர், ஒருவர் கண்ணில் மற்றவர். படகுகள் வந்து போகும் வழியில் மிதக்கவும் வேண்டாம், வெயிலை எதிர்த்து ஓட்டுகிறவருக்குத் தண்ணீரில் கிடக்கும் தலை தெரியாது.

கரை வந்ததும் காதைச் சாய்த்துத் தண்ணீரை வடிய விடுங்கள், பஞ்சுக் குச்சி போடாதீர்கள். சொந்த மாஸ்க் என்றால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். கார் டாஷ்போர்ட்டில் காய வைத்த ரப்பர் அடுத்த முறை முகத்தில் ஒட்டாது.