வெந்தயக் கூழில் ஒரு காகிதக் கிண்ணம்

மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைப்பதற்காகக் காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்துப் பூசும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதே கூழைக் கொண்டு சாவி, பொத்தான், நூல்கண்டு ஆகியவற்றைப் போட்டுவைக்க உறுதியான கிண்ணம் ஒன்றைச் செய்துவிடலாம்.

செய்தித்தாளின் 10 பெரிய தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, ஓர் இரவு முழுவதும் நீரில் ஊறவையுங்கள். கத்தரிப்பதைவிடக் கையால் கிழிப்பதே நல்லது. கிழிந்த ஓரத்தில் நார்கள் வெளிப்பட்டு நிற்பதால் நீர் விரைவாக உட்புகும். வழவழப்பான வண்ணத் தாள்கள் எளிதில் கூழாவதில்லை, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். 3 மேசைக்கரண்டி வெந்தயத்தைத் தனியே ஊறவைத்து மைய அரைத்துக்கொள்ளுங்கள். ஃபெவிகால் சேர்ப்போரும் உண்டு. கையில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு படிவதால் எனக்கு வெந்தயப் பசையே பிடிக்கும்.

காகிதத்தை நிறைய நீர் விட்டு அரைத்து, பருத்தித் துணியில் கட்டிப் பிழிய வேண்டும். என் முதல் கிண்ணம் கெட்டது இந்த இடத்தில்தான். அரைகுறையாகப் பிழிந்த கூழை ஒரு விரல் தடிமனுக்கு அப்பிவைத்தேன். அது சரிந்து விளிம்பில் தேங்கியதோடு, மூன்றாம் நாள் உட்புறம் சாம்பல் நிறப் பூசணம் பூத்துவிட்டது. கூழை உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஈரம் கசியலாம், சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் வெந்தயப் பசையைச் சேர்த்துச் சப்பாத்தி மாவைப் போலப் பிசையுங்கள்.

எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி, அதன்மேல் கூழை 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு மிகாமல் அழுத்திப் பரப்புங்கள். காய்கையில் கூழ் சுருங்கும். உள்ளே இருக்கும் எவர்சில்வர் சுருங்காது என்பதால் முழுவதும் காயும்வரை அச்சிலேயே விட்டால் வெடிப்பு விழும். ஆகவே காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் வைத்து, மேற்புறம் இறுகியதும் மெல்லக் கழற்றி, உட்புறம் மேலே பார்க்கும்படி வெயிலில் காயவையுங்கள். விரலால் சுண்டினால் ‘டொக்’ என்று ஒலிக்க வேண்டும். அதன்பின் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடிப்பூச்சு கொடுத்து, அக்ரிலிக் வண்ணம் தீட்டி, வார்னிஷ் பூசலாம். அச்சு மை கலந்த கூழ் என்பதால் உணவுப் பண்டங்களை இதில் வைக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்துபார்த்தவர்கள் மிக்ஸி சூடாகி நின்றுவிடுவதாக எழுதியிருந்தார்கள். ஒரு கைப்பிடி காகிதத்துக்கு இரண்டு தம்ளர் நீர் விட்டு, சில நொடிகள் ஓட்டி நிறுத்தி, மீண்டும் ஓட்டுங்கள். நீர் கூடிவிடுமே என்று அஞ்ச வேண்டாம். பிழியும்போது அது வெளியேறிவிடும்.