'டவுட்' என்னும் வினைச்சொல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் ஆங்கிலப் பயிற்சி வகுப்பு நடத்தும் எனக்கு, நான் கற்ற காலத்தில் இடறிய அதே இடங்களில் புதிதாக வருபவர்களும் இடறுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழுத்துப் பிழைகளை அவர்களே திருத்திக்கொள்வார்கள். பொருளையே புரட்டிவிடும் பிழையைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சந்தேகம் எந்தப் பக்கம்?

'அவர் பணத்தை எடுத்திருப்பாரோ என்று சந்தேகப்படுகிறேன்' என்று தமிழில் சொன்னால், எடுத்திருக்கக்கூடும் என்று கருதுவதாகப் பொருள். அதையே 'ஐ டவுட் தட் ஹி டுக் த மணி' என்று எழுதினால், அவர் எடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை என்னும் நேரெதிர்ப் பொருள் வந்துவிடுகிறது. நடந்திருக்கும் என்று ஐயுற்றால் 'சஸ்பெக்ட்'; நடந்திருக்காது என்று எண்ணினால் 'டவுட்'.

பத்தமடைப் பாய்களை வெளியூருக்கு அனுப்பும் என் மாணவர் ஒருவர், வழியில் நனைந்து கோரையெல்லாம் பூசணம் பூத்துப்போன ஒரு கட்டுக்கு இழப்பீடு கேட்டு, சரக்கு நிறுவனத்துக்கு 'ஐ டவுட் தட் த பண்டில் காட் வெட் இன் யுவர் கோடவுன்' என்று எழுதினார். தங்கள் கிடங்கில் நனையவில்லை என்பதே அவர் கருத்தாகவும் இருப்பதாகப் பதில் வந்தது, இழப்பீடு கிடைக்கவில்லை. 'டவுட் என்றால் சந்தேகம்' என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ளும் கையேடுகளின்மேல் எனக்குள்ள எரிச்சல் இன்னும் தணியவில்லை.

ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு 'அப்படித்தான் இருக்குமென்று அஞ்சுதல்' என்ற பொருளும் இருந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சில் அது இன்றும் உண்டு. ஆனால் அலுவல் கடிதத்தில் அந்த வழக்கு செல்லாது. அனுப்புமுன் 'ஐ டவுட்' இருக்கும் இடத்தில் 'ஐ டோன்ட் திங்க்' என்று வைத்துப் படித்துப் பாருங்கள். கருத்து தலைகீழானால் 'சஸ்பெக்ட்' என்று மாற்றுங்கள்.

இரட்டை எதிர்மறை

அவர் வரமாட்டார் என்று தோன்றினால் 'ஐ டவுட் ஹி வில் கம்' போதும். அதில் 'நாட்' சேர்த்தால் வருவார் என்றாகிவிடும்.

'ஐ ஆம் டவுட்டிங்'

மனநிலையைக் குறிக்கும் வினை இது; பெரும்பாலும் 'ஐ டவுட்' என்பதே சரி.

'ஐ ஹேவ் எ டவுட்'

நம் வகுப்பறைகளில் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. வெளிநாட்டவரோ, தாம் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று நினைக்கக்கூடும்; அவர்களிடம் 'கொஸ்டின்' என்றே சொல்லுங்கள்.

நடுவிலுள்ள 'பி'

ஒலிக்காது. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பிற்காலத்தில் செருகப்பட்ட எழுத்து அது.