திரையில் தெரியும் மலையை நம்பிச் செய்யும் தவறுகள்

இலங்கை மலையகத்து அட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் பேருந்து கினிகத்தேனையைத் தாண்டிக் கித்துல்கலவை நெருங்கும்போது, களனி கங்கைப் பக்கத்து ஆசனத்தில் இருக்கும் யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து, "அந்தப் பாலம் எங்கே?" என்று கேட்பதுண்டு. வெளியூரிலிருந்து வந்த உறவினர்கள் என்னிடமும் பலமுறை கேட்டிருக்கிறார்கள். பாலம் இல்லை என்றால், இடம் தெரியாமல் நான்தான் அவர்களை எங்கோ கூட்டிவந்துவிட்டதாக முகம் சுளிப்பார்கள். டேவிட் லீன் இயக்கிய 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காக அங்கே மரத்தால் கட்டப்பட்ட அந்தப் பாலம், இறுதிக் காட்சியில் தகர்க்கப்படுவதற்கென்றே கட்டப்பட்டது. 1957 மார்ச்சில் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபின் ஆற்றோரத்தில் எஞ்சியிருப்பது அத்திவாரத்தின் மிச்சம் மட்டுமே.

இதைவிடப் பெரிய தவறு, கதையில் வருவது இந்த இடந்தான் என்று எண்ணிக்கொள்வது. கதை நடப்பது தாய்லாந்தில். அங்கே காஞ்சனபுரிக்கு அருகில் இரண்டாம் உலகப் போரின்போது போர்க்கைதிகளைக் கொண்டு ஜப்பானியர் கட்டிய உண்மையான பாலங்கள் இரண்டு. 1945இல் வானிலிருந்து குண்டு வீசியே அவை தாக்கப்பட்டன. படத்தில் காட்டப்படுவதுபோல் எவரும் ஆற்றுக்குள் வெடி புதைக்கவில்லை. இரண்டில் இரும்புப் பாலம் பின்னர் திருத்தப்பட்டு இன்றும் ரயில் போகப் பயன்படுகிறது. அந்தப் பாலத்தின் கீழ் ஓடிய ஆறு மே குளோங் என்றே அழைக்கப்பட்டது. படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் 'குவாய்' எங்கே என்று தேடத் தொடங்கியதால், 1960ஆம் ஆண்டளவில் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இங்கே கித்துல்கலவில் இல்லாத பாலத்தைத் தேடுகிறோம். அங்கே ஆற்றின் பெயரையே படத்துக்குப் பொருத்திக்கொண்டார்கள்.

மலையகத்தில் இருக்கும் நாம் படங்களைப் பற்றிப் பேசும்போதும், அண்மைக் காலமாக நம் இளைஞர்கள் கைத்தொலைபேசியில் குறும்படம் எடுக்கும்போதும் நேரும் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைப்பவைதாம். வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில் துண்டுதுண்டாக எடுத்து ஒட்டியதை, கண்முன் ஒரே மூச்சில் நடந்ததாக எடுத்துக்கொண்டுவிடுகிறோம்.

கண்டிப் பக்கத்தில் 1983இல் எடுக்கப்பட்டு அடுத்த ஆண்டு வெளிவந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' இதற்கு நல்ல உதாரணம். கதை இந்தியாவில் நடக்கிறது. திரைக்கதையில் மாற்றங்கள் வேண்டும் என்று இந்திய அரசு கேட்டதனாலேயே படக்குழு இலங்கைக்கு வந்தது. நாயகனும் கூட வந்தவர்களும் விமானத்திலிருந்து காற்றடைத்த படகோடு குதித்து, பனிமலையில் சறுக்கி, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு ஒரு கிராமத்தை அடைகிறார்கள். படகு வெள்ளத்தில் பாயும் பகுதி கலிபோர்னியாவில் எடுக்கப்பட்டது. அவர்கள் போய்ச் சேரும் வறண்ட கிராமமோ கண்டிப் பக்கத்தது. அந்த "இந்திய" கிராமத்து மக்கள் பேசுவது சிங்களம். உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் அதை ஏதோ ஓர் இந்திய மொழி என்று கேட்டுக்கொண்டிருக்க, நம்மூர்க் கொட்டகைகளில் மட்டும் அந்த இடத்தில் சிரிப்பு எழுந்திருக்கும். கிராமத்துப் பூசாரியாக நடித்த சிங்களத் திரையுலகின் மூத்த கலைஞர் டீ. ஆர். நாணயக்காரவுக்கு ஆங்கிலம் தெரியாது. கமராவுக்குப் பின்னால் நின்று இயக்குநர் ஸ்பீல்பெர்க் வசனத்தைத் துண்டுதுண்டாகச் சொல்லச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். பூசாரி இடையிடையே நிறுத்தி நிறுத்திப் பேசுவது தெய்வ வாக்குப்போல் ஒலிப்பதற்குக் காரணம், அடுத்த சொல்லுக்காக அவர் காத்திருந்ததுதான்.

அதே படத்தில் வரும் தொங்குபாலம், அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கட்டுப் பகுதியில், அணை வேலைக்கு வந்திருந்த பொறியியலாளர்களின் உதவியோடு உருக்குக் கம்பி வடம் இழுத்துக் கட்டப்பட்டது. கயிற்றுப் பாலம் என்று நம்பி அதன் உறுதியைப் பற்றி வாதிடுபவர்கள் இந்த வடத்தை மறந்துவிடுகிறார்கள். அறுத்து வீழ்த்தும் காட்சியை இரண்டாவது முறை எடுக்க வழியில்லை என்பதால் பல கமராக்கள் ஒரே நேரத்தில் ஓடின; பள்ளத்தில் விழுந்தவை, கைகால் உதைக்கும்படி உள்ளே பொறி வைத்த பொம்மைகள்.

இடத்தைப் போலவே ஆளையும் நம்பிவிடக் கூடாது. தேயிலைத் தோட்டத்துத் துரையின் புது மனைவியாக ஒரு பெண் இலங்கைக்கு வரும் கதையைக் கொண்ட 'எலிபண்ட் வோக்' 1954இல் வெளியானது. இங்கே வந்து நடித்தவர் விவியன் லீ. படப்பிடிப்பின் நடுவே அவருக்கு மனநலம் குன்றவே, அவருடைய வேடத்தை எலிசபெத் டெய்லர் ஏற்று ஹொலிவூட்டில் நடித்து முடித்தார். இலங்கையில் எடுத்த தூரக் காட்சிகளை வீணாக்க மனமில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டதால், தொலைவில் நடந்து போகும்போது லீயாகவும் கிட்ட வரும்போது டெய்லராகவும் அந்த நாயகி இருக்கிறார். தாத்தா பாட்டிமார் டெய்லரை நேரில் கண்டதாகச் சொல்லும் கதைகளைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவர்கள் கண்டது வேறொருவரை.

இனிப் பிழை பிடிக்கும் பழக்கத்துக்கு வருவோம். ஒரு காட்சியில் பாதியாக இருந்த தேநீர்க் கோப்பை அடுத்த கணம் நிறைந்திருந்தால், "கவனமே இல்லாமல் எடுத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில், கோப்பையைக் கவனித்துக் குறித்துக்கொள்வதற்கென்றே படப்பிடிப்பில் ஓர் ஆள் இருப்பார். ஒரே காட்சியைத் தூரத்திலிருந்து ஒருமுறையும் கிட்டத்திலிருந்து பலமுறையும் எடுத்தபின், படத்தொகுப்பாளர் நடிப்பு நன்றாக அமைந்த துண்டையே எடுப்பார். அந்தத் துண்டில் கோப்பை நிறைந்திருந்தால், நடிப்பைக் கைவிடுவதைவிடக் கோப்பையைக் கைவிடுவதே மேல் என்று தெரிந்தேதான் முடிவெடுக்கிறார். நான் மன்னிக்க விரும்பாத பிழை வேறு. திரையில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் கூடை கனப்பதே இல்லை. நெற்றியில் கயிறு மாட்டிக் கூடை சுமந்த எவருக்கும் அது வெறுங்கூடை என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். கழுத்து நிமிர்ந்திருக்கும், நடையில் இழுவை இராது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ள வேண்டிய கை முற்றிய இலையை உருவிக்கொண்டிருக்கும். குறும்படம் எடுக்கும் நம் பிள்ளைகளாவது கூடைக்குள் நாலைந்து கிலோ எதையாவது போட்டு நடிக்க வையுங்கள். இப்போது பல தோட்டங்களில் கூடைக்குப் பதிலாகப் பைதான் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையில் படம் எடுப்பவரை ஏமாற்றுவதில் முதலிடம் மூடுபனிக்கு. காலையில் தெளிவாக இருந்த மலைச்சரிவு மத்தியானத்துக்குப் பிறகு முற்றாக மறைந்துவிடும். இருவர் பேசும் காட்சியில் ஒருவரைக் காலையிலும் மற்றவரைச் சாப்பாட்டுக்குப் பிறகும் எடுத்துவிட்டு, ஒட்டிப் பார்க்கும்போது ஒருவர் வெயிலிலும் மற்றவர் பனிக்குள்ளும் நின்று உரையாடுவதைக் கண்டு தலையில் கைவைத்தவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். பின்னணி முழுவதும் தெரியும் தூரக் காட்சிகளை முதலில் முடித்துவிட வேண்டும். முகத்தை மட்டும் காட்டும் கிட்டக் காட்சிகளைப் பனி வந்தபின் ஒரு சுவரையோ சவுக்கு மரத்தையோ பின்னால் வைத்து எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, பனி வெண்மையாக இருப்பதால் தொலைபேசிக் கமரா வெளிச்சம் அதிகம் என்று எண்ணித் தானாகவே காட்சியை இருட்டாக்கும், முகம் கறுத்துப்போகும். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டிவிட்டே பதிவைத் தொடங்க வேண்டும்.

"மழைக்காலம் முடியட்டும், எடுக்கலாம்" என்று மலையகம் முழுவதையும் ஒரே நாட்காட்டியில் அடக்குவதும் தவறுதான். தென்மேல் பருவக்காற்று அட்டனையும் மஸ்கெலியாவையும் நனைத்துக்கொண்டிருக்கும் ஆடி மாதத்தில், மலைத்தொடரின் மறுபக்கத்துப் பண்டாரவளையும் பதுளையும் காய்ந்து கிடக்கும். சில மணி நேரப் பயணத்தில் பருவத்தையே மாற்றிக்கொள்ளும் வசதி நமக்கு இருக்கிறது. மழைதான் வேண்டும் என்றாலும், பெய்கிற மழை கமராவில் தெரியும் என்று நம்பக் கூடாது. வானம் வெளுத்த பின்னணியில் அடைமழைகூடப் படத்தில் தென்படாது. பின்னணி இருண்டதாகவும் வெளிச்சம் மழைக்குப் பின்னாலிருந்து கமராவை நோக்கி வருவதாகவும் இருந்தால்தான் தாரைகள் மின்னும். பெரிய படக்குழுவினர் மழை பெய்யும் ஊரிலும் குழாய்வைத்துத் தண்ணீர் பீய்ச்சுவதற்குக் காரணம், துளி பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் வேண்டிய நேரத்தில் நிறுத்த வேண்டும் என்பதுமே.

ஆயினும் மழையும் பனியும் கெடுத்த படங்களைவிட, ஒலி கெடுத்த படங்களே அதிகம். படமும் ஒலியும் ஒன்றாகவே பிறக்கின்றன என்ற எண்ணம் பார்வையாளனுக்கு இருக்கலாம், எடுப்பவனுக்கு இருக்கக் கூடாது. வினாடிக்கு 24 அசையாப் படம் என்ற கணக்கில் ஓடும் திரைப்படத்தில் அப்படியான ஒரு படம் திரையில் நிற்கும் நேரத்துக்குள் ஒலி ஏறத்தாழ 14 மீற்றர் போகும். ஆகவே 140 மீற்றருக்கு அப்பால் எதிர்மலையில் நிற்பவர் கூப்பிடுவதைக் கமராவிலுள்ள ஒலிவாங்கியாலேயே பதிந்தால், உதடு அசைந்து பத்துப் படம் கடந்தபின்னரே குரல் கேட்கும். ஒலிவாங்கி, அல்லது பதிவுக்கு வைத்த இன்னொரு தொலைபேசி, பேசுபவரின் அருகில் இருக்க வேண்டும். பிறகு இரண்டையும் பொருத்துவதற்குக் கமராவுக்கு முன்னால் ஒருமுறை கைதட்டினால் போதும். படப்பிடிப்பில் அட்டையைத் தட்டுவது கண்ணேறு கழிக்கும் சடங்கு என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வார்கள். பலகை மூடும் படத்தையும் 'டக்' என்ற ஓசையையும் ஒரே புள்ளியில் வைத்துத் தைப்பதற்கே அது பயன்படுகிறது. தோட்டத்து வரிசைவீடான லயத்துக்குள் எடுக்கும் காட்சிக்குத் தகரக் கூரையின் சத்தம் மற்றொரு தொல்லை. மழை வலுத்தும் ஓய்ந்தும் பெய்வதால் ஒவ்வொரு வெட்டிலும் இரைச்சல் குதிக்கும். யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறும் ஒலியை மட்டும் பதிந்து வைத்துக்கொண்டால், அதைக் காட்சி முழுவதற்கும் அடியில் விரித்து வெட்டுகளை மறைக்கலாம்.

பார்ப்பதிலும் இதே தூரக் கணக்கு வருகிறது. தோட்டத் தொழிலாளர்கள் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் வெள்ளை வேட்டி கட்டி 16 மில்லிமீற்றர் படம் காட்டிய இரவுகளை நினைவு வைத்திருப்பவர்கள், "உதடும் பேச்சும் ஒட்டவில்லை" என்று படம் ஓட்டுபவரைக் கூவித் திட்டியதையும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கருவியில் படம் ஒளிபெறும் இடமும் ஒலி படிக்கப்படும் இடமும் வேறு. ஒரு படத்துக்குரிய ஒலி, சுருளில் 26 படங்கள் முன்னே தள்ளிப் பதியப்பட்டிருக்கும். இரண்டு இடங்களுக்கும் இடையில் சுருளைத் தளர்வாக விடும் வளைவு சரியான அளவில் இல்லாவிட்டால் பேச்சு விலகும் என்பது மெய்யே. ஆனால் திரையடியில் வைத்த ஒலிபெருக்கியிலிருந்து 50 மீற்றர் தள்ளி உட்கார்ந்தவருக்குக் குரல் மூன்று நான்கு படம் பிந்தித்தான் வந்திருக்கும். முன்வரிசைப் பிள்ளைகள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்த பெரியவர்கள் மட்டும் சத்தம் போட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஓட்டியவர் பாவம்.

இன்று வீட்டுச் சுவரில் தொங்கும் அகலத் தொலைக்காட்சியில் நேரும் தவறுகள் வேறு வகை. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே, காசு கொடுத்து வாங்கிய திரையில் பாதி வீணாகிறதே என்று பெரிதாக்கும் பொத்தானை அமுக்கிவிடுகிறோம். உயரம் 1 என்றால் அகலம் 2.39 என்ற அளவில் எடுத்த படத்தை அப்படி நிரப்பினால் பக்கவாட்டில் ஏறக்குறைய கால்வாசி வெட்டுப்படும். பழைய படங்களில் நேர்மாறாக, சதுரத்துக்கு நெருங்கிய படத்தை இழுத்து அகலப்படுத்துவதால் முழுநிலா முட்டையாகிறது. அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பு பெரும்பாலான பெட்டிகளில் வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும். 24 படங்களுக்கு இடையில் இல்லாத படங்களை அது தானாகவே உருவாக்கிச் செருகுவதால், பெரும் செலவில் எடுத்த படமும் தொலைக்காட்சி நாடகம்போல் தோன்றும். அமைப்புப் பட்டியலில் அதை நிறுத்திவிட்டு, சினிமா என்று பெயரிட்ட நிறத்தெரிவைப் போட்டுக்கொள்வதே சரி.

இந்தத் தவறுகளின் நடுவே, தவறு என்று நாங்கள் எண்ணிச் சிரித்த ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. டெக் என்ற வீடியோக் கருவியை வாடகைக்கு எடுத்து, கூடத்தில் பாய் விரித்து, விடிய விடியப் படம் பார்த்த காலத்தில், தப்புக் கொட்டும் பாட்டும் நன்கறிந்த ஒரு பெரியவர், "கொட்டகையில் கேட்ட பாட்டு இதைவிடக் கொஞ்சம் தாழ்வு, இதில் ஏற்றிப் பாடுகிறான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நமது தொலைக்காட்சி முறை வினாடிக்கு 25 படம் காட்டுவது. 24 படத்துக்கு எடுத்த சுருளை அதற்கு மாற்றும்போது அப்படியே சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதி ஓர் அரைச்சுரத்தின் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு உயரும். அவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. காது மட்டும் சரியாக இருந்தது.